சாதிக் கட்டத்தை அழிக்கச் சொல்வது யார்?

கடந்த ஆண்டு ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில், சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் ஆள் பட்டியல்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து போனவர்களின் பெயர்களை ஊர்வாரியாகத் தமிழில் தொகுக்கும் சிறு முயற்சியில் நானும் இரண்டு நண்பர்களும் ஈடுபட்டிருக்கிறோம். பேசி முடித்ததும் அமர்வுக்குத் தலைமை தாங்கிய மூத்த பேராசிரியர் அன்போடுதான் சொன்னார்: "நல்ல வேலை. வெளியிடும்போது அந்தச் சாதிக் கட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர்கள் எல்லோரும் தமிழர்களாகத்தானே கப்பலேறினார்கள்?" அரங்கம் கைதட்டியது.

தேநீர் இடைவேளையில் இன்னொருவர் என்னைத் தேடி வந்தார். அவருக்கு வேறு கோரிக்கை. "எங்க ஆளுங்க எத்தனை பேர் போயிருக்காங்கன்னு தனியா எடுத்துத் தர முடியுமா? சங்க மாநாட்டு மலர்ல போடலாம்."

ஒருவர் அழிக்கச் சொல்கிறார். ஒருவர் எண்ணித் தரச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிரானவர்கள் போலத் தெரியும். ஆனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதினார்கள், யாரைப் பற்றி எழுதினார்கள் என்று படித்துப் பார்க்க இருவருமே தயாராக இல்லை. இந்தக் கட்டுரை இருவருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் பட்டியல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட முதல் கூட்டம் அதுதான். அன்று சென்னைக்குக் கப்பல் அணையும் துறைமுகம்கூடக் கிடையாது. கப்பல் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏற்றி, அலைகளுக்கு நடுவே ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கடலையே பார்த்திராத உள்மாவட்டத்து மனிதர்கள் அப்படித்தான் இந்த மண்ணை விட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு 1911 வரை, இடையில் சில ஆண்டுகள் நின்றது தவிர, 384 பயணங்களில் 1,52,184 பேர் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். பாய்மரக் கப்பல்கள் போய் நீராவிக் கப்பல்கள் வந்தன. உம்லாசி, உம்சிண்டோ, கொங்கெல்லா, பொங்கோலா என்று நேட்டாலின் ஆறுகளையும் ஊர்களையும் நினைவூட்டும் பெயர்களோடு அவை சென்னைக்கு வந்து வந்து போயின.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அதில் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்போ மச்சமோ அடையாளம். அந்த எண் சாகும்வரை அவர்களை விடாது. முதலாளி மாறினாலும், திருமணம் செய்தாலும், புகார் கொடுத்தாலும், செத்தாலும் அந்த எண்தான். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூட்டி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். ஐந்து ஆண்டு முடிந்து சுதந்திரமாக அங்கேயே வாழ நினைத்தால், 1895-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. கூலியைப் பெருக்கிப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டுக் கூலியாகவே வைத்துக்கொண்டாலும், அந்த வரி நான்கு மாதக் கூலிக்கும் மேல்.

இந்தப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அங்குள்ள ஆய்வாளர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றை எல்லோரும் பார்க்கும்படி வைத்தது. 1860 முதல் 1902 வரையிலான பட்டியல்களை வைத்து சுரேந்திர பானா 1991-இல் ஒரு நூலே எழுதினார். இங்கே விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு என் ஊர்ப் பக்கத்து மனிதர்களின் பெயர்களை நான் படிக்க முடிந்தது, கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் செய்த வேலையால்.

நேட்டாலில் 'பயணி' என்ற சொல்லுக்கே ஒரு சாதி இருந்தது. தன் காசில் பயணச்சீட்டு வாங்கி வந்த வணிகர்களை 'பயணி இந்தியர்' என்றார்கள். பெரும்பாலும் குஜராத்தி வணிகர்கள். அவர்களில் முஸ்லிம் வணிகர்கள் தங்களைக் கூலிகளோடு சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக 'அரேபியர்' என்று சொல்லிக்கொண்டதைக் காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தில் வந்தவர் பயணி அல்ல, கூலி. அதே கடல், அதே துறைமுகம். ஆனால் ஒருவர் பயணம் செய்தவர், மற்றவர் ஏற்றி இறக்கப்பட்டவர்.

1896 டிசம்பரில் காந்தி குடும்பத்தோடு வந்த 'கூர்லாண்ட்' கப்பலையும் கூடவே வந்த 'நாதிரி' கப்பலையும் பற்றி எத்தனை நூல்கள் பேசுகின்றன! கொள்ளைநோய் அச்சத்தைக் காரணம் காட்டித் தடுத்து வைத்தது, 1897 ஜனவரி 13 அன்று இறங்கியதும் வெள்ளையர் கூட்டம் தாக்கியது, எல்லாம் நமக்குத் தெரியும். தெரிய வேண்டியதுதான். ஆனால் அந்த இரண்டு கப்பல்களின் பெயர் தெரிந்த நமக்கு, 384 கூலிக் கப்பல் பயணங்களில் ஒன்றின் பெயராவது தெரியுமா? காந்தியின் நூலில் பெயரோடு வரும் ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம். முதலாளி அடித்துப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றவர். அவரைப் போல் ஒன்றரை லட்சம் பேர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களை வாசிக்கத்தான் ஆள் இல்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் ஊர் செய்யாறு பக்கம். என் ஆயா உயிரோடு இருந்தவரை அடிக்கடி ஒரு வாக்கியம் சொல்வார்: "எங்க தாத்தனுக்குத் தம்பி ஒருத்தன் நட்டாலுக்குக் கப்பலேறிப் போனான். காசும் வரல, கடுதாசியும் வரல." அவ்வளவுதான் எங்கள் குடும்ப வரலாறு. அதற்கு மேல் போக வழியில்லை. ஆய்வுக்காக எங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேடுகளைத் தேடினேன். பட்டா யார் யார் பெயரில் இருந்தது என்று தெளிவாக இருக்கிறது. எந்த வயலுக்கு எந்த ஏரி மடையிலிருந்து தண்ணீர் என்பது இருக்கிறது. எங்கள் தெரு 'பறைச்சேரி நத்தம்' என்று ஒரே சொல்லில் இருக்கிறது. அந்த நத்தத்தில் குடியிருந்த ஒரு மனிதரின் பெயரும் இல்லை. ஆடு மேய்கிற புறம்போக்குக்கும் மனிதர் வாழ்கிற சேரிக்கும் அந்த ஏட்டில் பெரிய வேறுபாடு இல்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை. நிலம் இல்லாதவர்களுக்கு நில ஏட்டில் பெயர் இருக்காது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமை முறையை ஏட்டளவில் செல்லாததாக்கிய பிறகும் படியாள் படியாளாகத்தான் இருந்தார். திருமணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க் கடனுக்காகத் தலைமுறையாக உழைத்தார். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை பறையர்களின் நிலையைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படையானது அதுதான். அந்தக் காலத்தில் ஒரு சேரி மனிதர் தன் பெயரையும் தன் தகப்பன் பெயரையும் ஓர் அரசு ஏட்டில் பதியவைத்திருக்கிறார் என்றால், அது எங்கே இருக்கும்? ஒன்று குற்றப் பதிவேடு. இன்னொன்று கப்பல் பட்டியல்.

அப்படித்தான் ஒருநாள் இரவு அந்தப் பட்டியலில் எங்கள் ஊரின் பெயரைக் கண்டேன். வெள்ளைக்கார எழுத்துக்கூட்டலில் சிதைந்து கிடந்தது. மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் புரிந்தது. ஜில்லா வட ஆர்க்காடு. தகப்பன் பெயர் இருந்தது. இடது முழங்காலில் தழும்பு என்று இருந்தது. சாதிக் கட்டத்தில் 'பறையன்' என்பதன் ஆங்கில வடிவம். ஆயா சொன்ன மனிதர் இவர்தான் என்று நான் உரிமை கொண்டாடமாட்டேன். அந்தப் பெயர் பட்டியல் முழுக்கப் பலருக்கு இருக்கிறது. ஆனால் எங்கள் சேரியில் இருந்து ஒரு மனிதர், பெயரோடும் தகப்பன் பெயரோடும் முழங்கால் தழும்போடும் வரலாற்றில் நிற்பதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இப்போது பேராசிரியருக்குப் பதில் சொல்கிறேன். அந்தச் சாதிக் கட்டத்தை எடுத்துவிட்டால், என் ஊர்க்காரர் என் தெருக்காரரா என்பதே தெரியாமல் போகும். ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்து வைத்தது நீங்கள். நிலப் பதிவேட்டில் சேரியை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கி வைத்தது உங்கள் மிராசு. பெயர் இல்லாத இடத்தில் சாதியை மட்டும் எழுதினீர்கள். பெயர் கிடைத்த ஒரே இடத்தில் சாதியை அழிக்கச் சொல்கிறீர்கள். இரண்டிலும் காணாமல் போவது நாங்கள்தான்.

"தமிழர்களாகத்தானே போனார்கள்?" இல்லை, ஐயா. பஞ்சத்தால் போனார்கள். 1876-78 தாது வருடப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். கடனால் போனார்கள். படியாளாக இருக்க முடியாமல் போனார்கள். எல்லாச் சாதியிலிருந்தும் போனார்கள், உண்மை. பட்டியலில் வன்னியர், கவுண்டர், வெள்ளாளர், நாயுடு, செட்டி, இஸ்லாமியர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காக, ஒரே இடத்திலிருந்து தப்பிப் போகவில்லை. ஒருவர் விளைச்சல் பொய்த்த வயலை விட்டுப் போனார். ஒருவர் தனக்குச் சொந்தமே இல்லாத வயலை விட்டுப் போனார். இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒரே சாட்சி அந்தக் கட்டம்தான்.

கடல் தாண்டியதும் சாதி கரைந்துவிட்டது என்றும் சொல்வார்கள். ஓரளவு உண்மை உண்டு. ஒரே தளத்தில் படுத்து, ஒரே கூலிக்கு வெட்டி, ஒரே வரிசை வீட்டில் வாழ்ந்தவர்களால் ஊரில் இருந்த சாதி ஒழுங்கை அப்படியே காப்பாற்ற முடியவில்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆள் அனுப்பிய இடத்தில் சாதி பார்த்து மணம் முடிப்பதும் எளிதாக இல்லை. அதைச் செய்தவர்கள் அந்த உழைப்பாளிகள். அந்தப் பெருமை அவர்களுடையது. ஆனால் முழுக்கக் கரைந்துவிட்டதா? டர்பனில் இன்று வழங்கும் தமிழ், தெலுங்குக் குடும்பப் பெயர்களைப் பாருங்கள்: நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி, படையாச்சி, ரெட்டி, செட்டி, நாயக்கர். கவுண்டர்தான் கோவெண்டர். முதலியார்தான் மூட்லி. சாதிப் பட்டங்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. போன இடத்தில் புதிதாகப் பட்டம் சூடிக்கொண்டவர்களும் அதில் உண்டு. அதனால் பெயரைப் பார்த்து யாருடைய முன்னோர் யார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சென்னைக் கப்பல்களின் பட்டியலில் மிகப் பரவலாகக் காணப்படும் சாதிச் சொற்களில் ஒன்றான 'பறையன்' அங்கே குடும்பப் பெயராக நிலைக்கவில்லை. அந்த மனிதர்கள் எங்கே போனார்கள்? வேறு பெயர்களுக்குள் போனார்கள். அவமானத்திலிருந்து தப்பிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தத் தப்பித்தலைக் காட்டி "பார்த்தீர்களா, சாதியே இல்லை" என்று மேடையில் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

சங்க மலருக்கு எண்ணிக்கை கேட்டவருக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கட்டத்தை நிரப்பியவர் கப்பலேறியவர் அல்ல. குடியேற்ற அலுவலகத்தின் எழுத்தர். தமிழ் பேசியவரை 'மலபார்' என்றும், தெலுங்கு பேசியவரை 'ஜெண்டூ' என்றும் சாதிக் கட்டத்தில் எழுதி வைத்தார்கள். அவை சாதியா? மதத்தை எழுதினார்கள், பட்டத்தை எழுதினார்கள், காதில் விழுந்ததை எழுதினார்கள். ஊரில் தன்னை ஒடுக்கிய பெயரை மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவரும் இருந்திருப்பார். அவர் சொன்னதை எழுத்தர் நம்பியும் இருப்பார், நம்பாமல் முகத்தைப் பார்த்து எழுதியும் இருப்பார். ஆகவே அது உங்கள் சாதியின் மக்கள்தொகைக் கணக்கு அல்ல. பெருமை பேசுவதற்கு அதில் எதுவுமில்லை. 14 ஷில்லிங் கூலிக்குக் கரும்பு வெட்டப் போனவரை மாநாட்டு மலரில் மாவீரராக்கி, அவருடைய கொள்ளுப் பேரனை இங்கே சேரிக்குள் அரிவாளோடு அனுப்பப் போகிறீர்களா?

'கிறிஸ்தவர்' என்று அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டவர்களும் உண்டு. 'ட்ரூரோ'விலேயே இருந்தார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதை அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. இது 1860-இன் எழுத்தர் செய்த பிழை என்று விட்டுவிடலாமா? 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையும் அதைத்தானே செய்கிறது? தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் அவர் பட்டியல் சாதி இல்லை என்கிறது. சேரி அப்படியே இருக்கிறது, தனிக் கல்லறை அப்படியே இருக்கிறது, கட்டத்தில் மட்டும் சொல் மாறிவிடுகிறது. கட்டத்தை அழித்தால் சாதி அழியும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இந்தக் கட்டத்தைக் கண்டு கூச்சப்படாத ஒருவரை நினைவூட்டுகிறேன். தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தவர். இழிவாக எறியப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பாக அச்சிட்டவர். பிற்காலத்தில் அதே நேட்டாலில் பல ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்திக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்தார். அந்த நீதிமன்றங்களுக்கு வந்த கூலிகள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு கப்பல் எண் இருந்தது, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சாதிக் கட்டம் இருந்தது. அந்த மக்களின் குரலை நீதிபதியின் மொழிக்கு மாற்றியவர், பிறகு நாடு திரும்பி, அண்ணல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். பண்டிதர் அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் தென்னாப்பிரிக்கா வரை வாசகர்களைக் கொண்டிருந்தது. பெயரைச் சொல்லித்தான் இயக்கம் வளர்ந்தது, மறைத்து அல்ல.

சிலர் நேர்மையாகவே கேட்பார்கள்: அங்குள்ள வாரிசுகள் இதை விரும்புவார்களா? நியாயமான கேள்வி. தன் முன்னோரின் சாதியைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர் தெரிந்துகொள்ள வேண்டாம். அதைச் சுமக்கவும் வேண்டாம். ஆனால் அந்த முடிவு அவர்களுடையது. தென்னாப்பிரிக்காவில் உள்ளவர்கள் இந்திய அரசின் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இதே கப்பல் பட்டியலின் நகலைத்தான் வம்சாவளிக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இந்திய அரசுக்கே இந்த ஏடு சான்றாக இருக்கிறது என்றால், பிரிந்தவரின் இந்தப் பக்கத்து உறவுகளுக்கும் அது முழுதாகக் கிடைக்க வேண்டும். கப்பலேறியவருக்கு மட்டும்தானா வாரிசு? "காசும் வரல, கடுதாசியும் வரல" என்று காத்திருந்தவர்களின் வாரிசுகள் நாங்கள்.

தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் நாள் கொண்டாடுகிறது. மேடையில் சோழர் கப்பல் வரும். தொழிலதிபர்கள் வருவார்கள். வரட்டும். அந்த மேடையில் ஒருமுறையாவது 'ட்ரூரோ'வின் பட்டியலை முழுதாக, எல்லாக் கட்டங்களோடும் வாசியுங்கள். ஒரு மணி நேரம் ஆகுமா? நூறாண்டு மௌனத்துக்கு ஒரு மணி நேரம் தரக் கூடாதா? ஃபிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் உள்ளிட்ட நாடுகள் தங்கள் ஒப்பந்தக் கூலிகளின் ஆவணங்களை 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தன. கல்கத்தாவின் கிதர்பூரில் அதே ஆண்டு ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். சென்னைத் துறைமுகத்தைப் பல நூறு முறை கடந்திருக்கிறேன். அப்படியொரு கல் என் கண்ணில் பட்டதில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சென்னை வழியாகப் போனவர்களின் பட்டியலை ஊர்வாரியாகத் தமிழில், கட்டணமின்றி, இணையத்தில் அரசு வெளியிட வேண்டும். எந்தக் கட்டத்தையும் நீக்கக் கூடாது. சாதிக் கட்டத்தை எழுதியவர் யார், எப்படி எழுதினார் என்ற விளக்கம் கூடவே இருக்க வேண்டும். அப்போது அதை வைத்துப் பெருமை பேசவும் முடியாது, மூடி மறைக்கவும் முடியாது. பள்ளிப் பாடநூலில் தில்லையாடி வள்ளியம்மையோடு இந்தப் பெயர்களும் இடம்பெற வேண்டும்.

அரசு செய்கிறவரை எங்கள் வேலை நிற்காது. பழைய வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தென்னார்க்காடு, சேலம், தஞ்சாவூர் சேரிகளில் யார் வீட்டிலாவது 'நட்டால்' என்ற சொல் பழக்கத்தில் இருந்தால், கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள், தோழர்களே. போனவர் பெயர், தகப்பன் பெயர், உடம்பில் இருந்த தழும்பு. என் ஆயாவிடம் நான் தழும்பைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும்.

எங்கள் தொகுப்பின் முதல் பகுதியை விரைவில் வெளியிடுகிறோம். அந்தக் கட்டத்தோடுதான் வெளியிடுவோம்.